மூன்று மருந்து, ஒரு உறக்கம்



நாய்க்கு அறுவை சிகிச்சை என்றால் ஒரே மயக்க மருந்து போதாதா? பெரும்பாலும் போதாது. கெட்டமின் என்ற மயக்க மருந்தை எடுத்துக்கொள்வோம். அதை மட்டும் தனியாகக் கொடுத்தால் நாயின் தசைகள் விறைத்துக்கொள்ளும். சில நாய்களுக்கு வலிப்பே வந்துவிடும். அதனால்தான் முதலில் சைலசின் போன்ற அமைதிப்படுத்தும் மருந்தைத் தசையில் போடுகிறார்கள். நாய் அடங்கியதும் முன்னங்கால் ரத்தக்குழாய் வழியாகக் கெட்டமினும், தசையைத் தளர்த்தும் டயசெபாமும் செல்லும். கெட்டமினின் விறைப்பை மற்ற மருந்துகள் தளர்த்துகின்றன. மயக்க மருந்தின் அளவும் குறைகிறது. சைலசின், கெட்டமின் இரண்டுமே 1962-ல் உருவானவை. சைலசினை முதலில் மனிதர்களின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கப் பயன்படுத்தத்தான் நினைத்தார்கள்!

சைலசின் இதயத் துடிப்பை மந்தமாக்கும், வாந்தியையும் வரவழைக்கும். அதன் வேலையை முறிக்க யோகிம்பின் என்ற மருந்து உண்டு. ஆனால் கெட்டமினுக்கு முறிமருந்து கிடையாது. அவசரப்பட்டு சைலசினை மட்டும் முறித்தால், அடங்கியிருந்த விறைப்பு மீண்டும் தலைதூக்கும். எப்போது எழுப்ப வேண்டும் என்பதிலும் மருத்துவரின் அனுபவம் பேசுகிறது.

கெட்டமின் மயக்கத்தில் நாயின் கண்கள் திறந்தே இருக்கும், பயந்துவிடாதீர்கள். கண் உலராமலிருக்கக் களிம்பு தடவுவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: நாய் கடைசியாக எப்போது சாப்பிட்டது, வேறு என்ன மருந்து எடுக்கிறது என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எடையை உத்தேசமாகச் சொல்லாமல், அங்கேயே நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.