கேமரா பழுதா? குற்றம் யாருடையது?

போடிநாயக்கனூரில் வெயில் கொளுத்தும். மலை ஏறிப் போடிமெட்டை அடைந்தால் மூடுபனி! ஏலத்தோட்டங்களில் எங்கும் ஈரம். அங்கே போய்வந்த கேமரா பழுதானால், "பனியில் கெடுத்துவிட்டோமே" என்று நம்மையே நொந்துகொள்வோம்.

குற்றம் எப்போதும் நம்முடையதுதானா? இல்லை!

2005-ம் ஆண்டு நடந்தது இது. சோனி நிறுவனம் தயாரித்த ஒரு பாகம், பல கம்பெனிகளின் டிஜிட்டல் கேமராக்களில் இருந்தது. படத்தைப் பதிவு செய்யும் பாகம் அது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால், அதனுள் இருந்த நுண்ணிய கம்பி இணைப்பு விட்டுப்போயிற்று. படம் கோணலாகத் தெரிந்தது. அல்லது தெரியவே இல்லை.

சோனி, கேனன் முதலிய நிறுவனங்கள் குறையை வெளிப்படையாக அறிவித்தன. உத்தரவாதக் காலம் முடிந்த கேமராக்களையும் இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுத்தன.

ஆகவே, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பணம் கொடுக்கும் முன், "இது தயாரிப்புக் குறையா?" என்று கம்பெனியிடம் கேளுங்கள். சரியான பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

கேட்டால்தான் கிடைக்கும்!