பத்துப் பேர் இல்லாத பட்டறைக்குக் காப்பீடு எட்டுமா?

மும்பை: செம்பூர் உர ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதி உண்டு. சில கிலோமீட்டர் தொலைவில், தாராவியின் சிறு பட்டறைகளில் தோல் பை தைக்கும் தமிழர்கள் பெரும்பாலோருக்கு அது எட்டாக்கனி. காரணம் எண்ணிக்கை.

தொழிலாளர் அரசு காப்பீடு கட்டாயமாவதற்குப் பொதுவாக 10 பேரும், வைப்பு நிதிக்கு 20 பேரும் பணிபுரிய வேண்டும்.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காகத் தொழிலாளி, முதலாளி, அரசு ஆகிய மூவரும் நாளொன்றுக்குத் தலா 1 ரூபாய் செலுத்தும் திட்டத்தை அர்ஜுன் சென்குப்தா ஆணையம் 2006-ல் பரிந்துரைத்தது. 2008-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உரிமையாக்கவில்லை.

2020 செப்டம்பரில் எதிர்க்கட்சிகளின் புறக்கணிப்புக்கிடையே நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஒன்பது சட்டங்களை ஒன்றாக்கி, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. அரசு அறிவிக்கும் அபாயகரமான தொழில்களில் ஒரே ஒருவர் பணிபுரிந்தாலும் இனிக் காப்பீடு உண்டு. மற்றச் சிறு பட்டறைகள் விரும்பினால் சேரலாம். ஆனால், ஊதியத்தில் 3.25 சதவீதத்தைத் தன் பங்காகச் செலுத்த எத்தனை முதலாளிகள் தாமாக முன்வருவர்?

'இ-ஷ்ரம்' தளத்தில் 30 கோடிக்கும் அதிகமானோர் பதிந்துள்ளனர். அந்த அட்டை பதிவுக்குச் சான்று, ஓய்வூதியத்துக்கு உறுதியன்று. சட்டங்கள் ஒன்பதும் ஒன்றாகிவிட்டன. பத்து என்ற எண் மட்டும் பட்டறை வாசலில் அப்படியே நிற்கிறது.