ஓட்டுநர் இல்லாத சரக்கு வண்டி

கம்பத்துப் பன்னீர் திராட்சையைக் காலையில் பறித்தால் அன்றைக்கே குமுளி மலைப்பாதை ஏறிக் கேரளத்துக்குப் போய்விடும். அதையே சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால்? நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். தேனியிலிருந்து சென்னை அதைவிடத் தூரம்! ஆனால் நிலையம் ஓரிடத்தில் நிற்பதில்லையே. மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது.

அங்கே தங்கியிருப்பவர்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், எரிபொருள், பழங்கள்கூட, ஆளில்லாத சரக்கு விண்கலங்களில்தான் போகின்றன. இந்தக் கூட்டத்தில் மூத்தது புரோகிரஸ். 1978 ஜனவரியில் சோவியத் நாட்டின் சல்யூட்-6 நிலையத்துக்கு முதல் புரோகிரஸ் போய்ச் சேர்ந்தது. அதே பெயரில் ரஷ்யா இன்றும் அனுப்புகிறது. ஒரு தடவைக்குச் சுமார் இரண்டரை டன் சரக்கு.

அவ்வளவு வேகத்தில் ஓடும் நிலையத்தோடு மோதாமல் எப்படி இணைவது? தேனி–குமுளி சாலையில் இரண்டு லாரிகள் பக்கத்துப் பக்கத்தில் ஒரே வேகத்தில் போனால், ஒன்றில் உட்கார்ந்திருப்பவருக்கு மற்றது நிற்பதுபோலத்தான் தெரியும். கலமும் நிலையமும் அப்படித்தான் சேர்ந்து ஓட வேண்டும்.

அதற்கு முதலில் நிலையத்தை எட்டிப் பிடிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். முன்னால் போகும் நிலையத்தைப் பிடிக்க, அதே பாதையில் பின்னால் வரும் கலம் இன்ஜினை முடுக்கினால் என்ன ஆகும்? கலத்தின் பாதை மேல்நோக்கி விரியும், சுற்று பெரிதாகும், சுற்றி வர நேரமும் கூடும். முடுக்கியதால் பின்தங்கிப்போகும்! அதனால் கலம் முதலில் தாழ்வான பாதையில் சுற்றுகிறது. அங்கே சுற்றும் சிறியது, வேகமும் அதிகம். இடைவெளி குறையக் குறைய, கணக்குப் பார்த்து மெல்ல மேலே ஏறுகிறது.

கணக்குத் தப்பினால் ஆபத்து. 1997 ஜூன் 25 அன்று மிர் என்ற ரஷ்ய விண்வெளி நிலையத்தின் மேல் ஒரு புரோகிரஸ் மோதி, நிலையத்தின் ஒரு பகுதியில் ஓட்டை விழுந்தது. உள்ளே இருந்த மூவரும் அந்தப் பகுதியை அடைத்துத் தப்பித்தார்கள்.

இந்த வித்தையை நம் இஸ்ரோவும் கற்றுவிட்டது. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரண்டு செயற்கைக்கோள்கள் கிளம்பின. ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ. ஜனவரி 12-இல் 3 மீட்டர் வரை நெருங்கவைத்துச் சோதித்துவிட்டு, மறுபடி விலக்கினார்கள். அவசரப்படவில்லை. 2025 ஜனவரி 16 அன்று இரண்டும் இணைந்தன. சோவியத் நாடு, அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்து இதைச் சாதித்த நான்காவது நாடு இந்தியா. அதே ராக்கெட்டில் போன தட்டாம்பயறு விதைகள் நான்கே நாளில் விண்வெளியில் முளைவிட்டன!

2035-க்குள் சொந்தமாக ஒரு விண்வெளி நிலையம் அமைப்பது இந்தியாவின் திட்டம். அதற்கும் சரக்குக் கலம் வேண்டுமே!

இப்போதிருக்கும் சர்வதேச நிலையத்தை உங்கள் ஊரிலிருந்தே பார்க்கலாம். சூரியன் மறைந்த பிறகோ விடியற்காலையிலோ, சில நிமிடங்கள், கண்சிமிட்டாத பிரகாசமான புள்ளியாக நகரும். நேரத்தை நாசா இணையதளத்தில் பெரியவர்கள் உதவியோடு பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் மலை அடிவானத்தை மறைக்கும்; அதனால் 40 டிகிரிக்கு மேல் உயர்ந்து வரும் நாளாகத் தேர்ந்தெடுங்கள்.