நாற்பது என்றால் எத்தனை?

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். ஆடை முக்கால் பங்காகி, ஆள் கால் பங்காகிவிட்டால்? சென்ற ஆண்டு எனக்கு அதுதான் நடந்தது! அந்தச் சட்டை கற்றுக்கொடுத்த பாடத்தை நம் தோழர், தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. சிரித்துக்கொண்டே படியுங்கள். ஆனால் கடைசி வரை படியுங்கள்.

என் அப்பா புதுவயலில் டெய்லர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பள்ளிக்கூடம் போன நாள் முழுக்க அப்பா தைத்த சட்டைதான் போட்டேன். பாலிடெக்னிக்கில் சேர்ந்து, ரெடிமேட் சட்டை போட்ட நண்பர்களைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டுத் தையல் கூச்சமாகிவிட்டது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

கேம்பஸ் இன்டர்வியூ என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் அம்மாவிடம் போய் நின்றேன். சீட்டுப் பணத்திலிருந்து ஆயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்து, "அப்பாகிட்ட சொல்லாத" என்றார். போனிலேயே ஒரு முழுக்கைச் சட்டை ஆர்டர் செய்தேன். சைஸ் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை. அப்பாவின் அளவு நோட்டில் என் பெயருக்கு நேரே "மார்பு 40" என்று எழுதியிருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். 40 என்று அழுத்தினேன்.

சட்டை வந்தது. போட்டுப் பார்த்தேன். கழுத்துப் பட்டனைப் போட்ட பிறகும் காலருக்குள் நாலு விரல் போனது. தோள் தையல் புஜத்தில் தொங்கியது. ஆசையில் அட்டையைக் கிழித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். இன்டர்வியூவுக்கோ இரண்டே நாள். கண்ணாடி முன்னால் நின்றபோது, "நம்ம உடம்புதான் இதுக்கெல்லாம் லாயக்கில்ல போல" என்றுதான் தோன்றியது.

அப்பா பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்து, காலரை விரித்து வைத்து அளந்தார்.

"தம்பி, இதுல 40-ன்னா கழுத்துடா. அதுவும் சென்டிமீட்டர். நான் நோட்டுல எழுதுனது மார்பு, இஞ்சு. அதுவும் உன் உடம்பு அளவு இல்ல, தைச்சு முடிச்ச சட்டையோட அளவு. மெக்கானிக்கல் படிக்கிறவன், யூனிட் என்னன்னு பாக்க மாட்டியா?"

மெட்ராலஜி லேபில் வெர்னியர் பிடித்து அளந்தவனுக்கு எட்டாம் வகுப்புக்காரர் கேட்ட கேள்வி அது. பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து இந்த சைஸ் விவகாரத்தைத் தேடித் தேடிப் படித்தேன்.

ஒரே எண், வேறு வேறு அளவு

ரெடிமேட் உடையில் உள்ள எண் எதைக் குறிக்கிறது என்பது உடைக்கு உடை, நாட்டுக்கு நாடு மாறும். நம் கடைகளில் 38, 39, 40, 42, 44 என்று வரிசையாக வரும் ஃபார்மல் சட்டைகளில் அந்த எண் பெரும்பாலும் காலர் சுற்றளவு, சென்டிமீட்டரில். இதே காலரை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அங்குலத்தில் 15, 15½, 16 என்று போடுவார்கள். 38 செ.மீ. காலரும் 15 அங்குலக் காலரும் ஒன்றுதான். ஆனால் வேறு சில சட்டைகளில் அதே 38, 40 என்பது மார்புச் சுற்றளவு, அங்குலத்தில். இரண்டும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருக்கும்!

என் கழுத்து 14½ அங்குலம், அதாவது சுமார் 37 செ.மீ. நான் வாங்கியிருக்க வேண்டியது 38.

கோட்டுக்கு வாருங்கள். மார்பு 100 செ.மீ. உள்ள ஒருவருக்கு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 40 சைஸ். ஏனென்றால் 100-ஐ 2.54-ஆல் வகுத்தால் 39.4 அங்குலம். அதே ஆள் ஜெர்மனியில் கேட்டால் 50 கொடுப்பார்கள். அங்கே மார்பைச் சென்டிமீட்டரில் எடுத்து இரண்டால் வகுப்பது வழக்கம். ஆள் மாறவில்லை, கணக்குதான் மாறியது.

ஜீன்ஸில் 32/34 என்று இருந்தால் முதல் எண் இடுப்பு, அடுத்தது உள்கால் நீளம், இரண்டும் அங்குலத்தில். இதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 32 என்று அச்சிட்ட பேண்ட்டை டேப் வைத்து அளந்தால் 33, 34 வருவதும் உண்டு.

எண் வந்த கதை

ஆண்கள் உடை எண்ணுக்கு அடியில் ஏதோ ஓர் அளவாவது இருக்கிறது. ராணுவம்தான் இதற்குப் பெரிய காரணம். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கான சீருடைகளைத் தொழிற்சாலையில் தைக்க வேண்டி வந்தது. சிப்பாய்களை அளந்தபோது, சில அளவுகள் சேர்ந்தே வருவது தெரிந்தது. அதிலிருந்து ஆண்களின் ரெடிமேட் சைஸ்கள் பிறந்தன.

பெண்கள் உடையின் கதையே வேறு. 1939-40இல் அமெரிக்க விவசாயத் துறைக்காக ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் ஆகியோர் ஏறத்தாழ 15,000 பெண்களை ஆளுக்கு 59 இடங்களில் அளந்தார்கள். முடிவுகள் 1941இல் வெளிவந்தன. ஆனால் வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த அளவுகளின் அடிப்படையில் 1958இல் ஒரு தர அளவுப் பட்டியல் வந்தது. எல்லா உடலுக்கும் அது பொருந்தவில்லை. கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டன. 1983இல் அரசு அந்தத் தரத்தையே விலக்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு வியாபாரத் தந்திரம் புகுந்தது. சின்ன எண் பொருந்தினால் வாங்குபவருக்குச் சந்தோஷம். எனவே துணியைப் பெரிதாக்கி எண்ணைச் சின்னதாகப் போட்டார்கள். 1958 பட்டியலின் 8 என்ற சைஸ், இந்தக் காலத்து அமெரிக்கப் பட்டியலின் 00-க்கும் சிறியது!

இன்றும் ஒரே கவுனுக்கு அமெரிக்காவில் 8, இங்கிலாந்தில் 12, ஜெர்மனியில் 38, பிரான்சில் 40, இத்தாலியில் 44 என்று சுமாராகப் பொருத்தம் சொல்கிறார்கள். இதில் எந்த எண்ணும் உடம்பின் எந்த இடத்தையும் நேரடியாகக் காட்டுவதில்லை. ஆகவே தோழியரே, "போன கடையில் எம், இந்தக் கடையில் எக்ஸ்எல்லா? குண்டாகிவிட்டேனோ?" என்று கவலைப்பட வேண்டாம். உங்கள் உடம்பு அப்படியேதான் இருக்கிறது. கடைதான் மாறியிருக்கிறது.

எஸ், எம், எல் என்னும் மாயம்

நம் செட்டிநாட்டுப் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு உண்டா? அன்றைக்கு பர்மா, மலாயா, இலங்கை. இன்றைக்கு சிங்கப்பூர், துபாய். எனக்கு ஒரு மாமா துபாயிலிருந்து அமெரிக்கக் கம்பெனியின் டீ-ஷர்ட் ஒன்று கொண்டு வந்தார். எம் சைஸ், தொளதொள. இன்னொரு மாமா சிங்கப்பூரிலிருந்து வேறொன்று கொண்டு வந்தார். அதுவும் எம், ஆனால் அக்குளில் இறுக்கம். காரணம் எளிது. எம் என்றால் நடுத்தரம். யாருக்கு நடுத்தரம்? எந்த நாட்டு மக்களை மனதில் வைத்துத் தைக்கிறார்களோ அவர்களுக்கு! பூக்காரம்மாவின் முழமும் நம்முடைய முழமும் ஒன்றா?

எனக்குப் பிடித்த லேபிள் சீனாவுடையது. அங்கே தைத்த சட்டையில் 170/88ஏ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 170 என்பது அணிபவரின் உயரம், 88 என்பது மார்பு, இரண்டும் செ.மீ. கடைசி எழுத்து மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறது. ஒய் என்றால் இடுப்பு மிக ஒடுங்கிய உடல், ஏ சாதாரணம், பி, சி என்றால் இடுப்பு பெருத்தது. இன்ஜினியரிங் டிராயிங் போல எவ்வளவு தெளிவு! ஈ.என். 13402 என்ற ஐரோப்பியத் தரமும் மனித உருவப் படத்தில் உடல் அளவுகளைச் செ.மீ.-யில் குறிக்கும் முறையைச் சொல்கிறது.

சட்டையும் ஒரு கிளியரன்ஸ் ஃபிட்!

நம் பாடத்தில் ஷாஃப்ட், ஹோல் என்று படிக்கிறோம் அல்லவா? உடம்புதான் ஷாஃப்ட், சட்டைதான் ஹோல். என் மார்பு 36 அங்குலம். மூச்சு விட, கையைத் தூக்க அப்பா நாலு அங்குலம் லூஸ் விடுவார். 36-உம் 4-உம் 40. நோட்டில் இருந்த 40 இதுதான். இது கிளியரன்ஸ் ஃபிட். பனியனும் சாக்ஸும் உடம்பை விடச் சிறிதாக இருந்து இழுபட்டுப் பிடிக்கின்றன. அது இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட்.

டாலரன்ஸும் உண்டு. என் அத்தை மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறான். வெளிநாட்டு ஆர்டருக்கு அளவுச் சார்ட் வருமாம். ஒவ்வொரு அளவுக்கும் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று அதிலேயே இருக்கும். அவன் பார்த்த ஓர் ஆர்டரில் மார்பு அரை அங்குலம் முன்னே பின்னே இருந்தால் பாஸ். அப்படியானால் ஒரே சைஸ் போட்ட இரண்டு உருப்படிக்குள் ஓர் அங்குலம் வரை வித்தியாசம் வரலாம்!

ஃபிட் என்பது அழகுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். லேத் ஓடும்போது தொங்கும் கை சக்கில் மாட்டினால் என்ன ஆகும் என்று ஒர்க்ஷாப் சார் முதல் நாளே சொன்னது நினைவிருக்கிறதா? பெரிய சைஸ் காக்கி வாங்கி, "வளர்ற புள்ளைதானே" என்று விட்டுவிடுவது ஆபத்து.

நமக்கென்று ஓர் அளவு

கண்டாங்கிச் சேலைக்கு சைஸ் கிடையாது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பாட்டியும் கட்டலாம், பேத்தியும் கட்டலாம். தைத்த ரெடிமேட் உடைக்கு மாறியபோதுதான் இங்கிலாந்து, அமெரிக்கப் பட்டியல்களை நாம் இரவல் வாங்கினோம். இந்தியர்களுக்கென்று தனிப் பட்டியல் தயாரிக்க ஜவுளி அமைச்சகமும் நிஃப்ட் நிறுவனமும் 2018இல் 'இந்தியாசைஸ்' என்ற திட்டத்தை அறிவித்தன. ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது திட்டம்.

செருப்புக்கும் இதே கதைதான். நம் ஊர் செக்ரியைப் போலவே சி.எஸ்.ஐ.ஆர். குடும்பத்தைச் சேர்ந்த சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021-22இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை அளந்தது.

நாம் செய்ய வேண்டியது

1. முப்பது ரூபாய் இஞ்சு டேப் ஒன்று வாங்குங்கள். அதில் ஒரு பக்கம் அங்குலம், மறு பக்கம் செ.மீ. இருக்கும்.

2. கழுத்து, மார்பு, தோள், கை நீளம், இடுப்பு, உள்கால். இந்த ஆறையும் நண்பரை விட்டு அளக்கச் சொல்லுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள். கழுத்தை அளக்கும்போது டேப்புக்குள் ஒரு விரல் விடுங்கள்.

3. உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். வாங்கப் போகும் சட்டையின் அளவை இதோடு ஒப்பிடுங்கள்.

4. பட்டியலைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த இடத்து அளவு? அங்குலமா, செ.மீ.யா? உடம்பின் அளவா, உடையின் அளவா?

5. தோள் சரியாக இருக்கும் சட்டையை எடுங்கள். பக்கத்தைப் பிடித்துத் தைக்கலாம். தோளை மாற்றுவது கஷ்டம், காலரை மாற்றுவது அதைவிடக் கஷ்டம்.

6. போட்டுப் பார்த்து முடிவு செய்யும் வரை அட்டையைக் கிழிக்காதீர்கள்!

அன்று இரவு அப்பா அந்தச் சட்டையின் பக்கத் தையலையும் கைகளையும் பிரித்தார். 46 அங்குலம் இருந்த மார்பை 41-க்குக் கொண்டு வந்தார். காலரில் பட்டனைத் தள்ளி வைத்தார். விடிய இரண்டு மணி ஆயிற்று. இன்டர்வியூவில் எழுத்துத் தேர்வு பாஸ் செய்தேன். நேர்முகத்தில் போய்விட்டது. அதற்குக் காரணம் சட்டை இல்லை, தெர்மலில் கேட்ட கேள்வி. அடுத்த கம்பெனிக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பொங்கல் லீவில் அப்பாவின் நோட்டைப் புரட்டினேன். புதுவயலில் பாதிப் பேர் அளவு அதில் இருக்கிறது. அப்பாவின் அளவு மட்டும் இல்லை. டேப்பை வாங்கி நானே அவரை அளந்தேன். "எனக்கு எதுக்குடா?" என்று சிரித்துக்கொண்டே கையைத் தூக்கி நின்றார். மார்பு 38 அங்குலம், கழுத்து 15 அங்குலம் என்று யூனிட்டோடு எழுதி வைத்தேன். முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு சட்டை வாங்க வேண்டும். சைஸ் தவற மாட்டேன்!

— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்