பாடிச் செல்ல யாரை அனுப்புவது?

தென்காசி வட்டாரத்தில் கோயில் கொடை நடக்கும் ஊர்களிலே சடுகுடுப் போட்டியும் நடப்பது புதிதன்று. குற்றாலத்தில் சாரல் விழுந்து தரை சேறாகும் நாட்களில் ஆட்டம் சற்றே ஒதுங்கும். தரை காய்ந்தால் மீண்டும் தலை எடுக்கும். இன்று உலகம் கபடி என்று அழைப்பதும், எங்கள் பெரியவர்கள் சடுகுடு என்று சொல்லிப் பழகியதும் ஒரே ஆட்டந்தான். ஆட்டம் முடிந்து, தோற்ற ஊர்க்காரர்கள் தேநீர்க் கடையை அடைந்ததும் ஒரு கேள்வி தவறாமல் எழும்: “அந்தப் பையனை இன்னும் நாலு தடவை அனுப்பியிருந்தால் ஜெயித்திருப்போமே! ஏன் அனுப்பவில்லை?”

எங்கள் பகுதிக் கல்லூரி அணி ஒன்றைப் பற்றியும் இக்கேள்வி சில காலமாக நடந்து வருகிறது. மான்குட்டி போலத் துள்ளி, ஒரே மூச்சில் இருவரைத் தொட்டுத் திரும்பும் இளைஞர் ஒருவர் அவ்வணியில் இருக்கிறார். அவரைப் பயிற்சியாளர் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது ஊரார் வழக்கு. ஆட்டத்தைப் பார்ப்பவர் யாரும் சொல்லக்கூடிய குறை இது. ஆயினும் அதை மெய்ப்பிப்பது எளிதன்று. எவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால் இக்குறை உண்மையா பொய்யா என்று தெளியலாம் என்பதையே, மாணவ நண்பர்களே, இங்கே உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பக்கத்துக்கு எழுவர் ஆடுகிறார்கள். ஆடவர் ஆட்டம் இருபது நிமிடமாக இரு பகுதி. ஆக நாற்பது நிமிடம். ஒருவர் பாடிச் சென்று திரும்ப 30 விநாடிக்கு மேல் கிடையாது. ஒவ்வொருவரும் அந்த நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 80 முறை பாடலாம். அதில் ஓர் அணிக்குப் பாதி, அதாவது 40. எனவே ஓர் அணியின் கையில் ஏறத்தாழ நாற்பது காசுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை யார் யாருக்கு எத்தனை என்று பங்கிட்டுச் செலவழிப்பதே பயிற்சியாளரின் வேலை. நல்ல ஆட்டக்காரருக்கு ஒன்று கூடுதலாகக் கொடுத்தால் வேறொருவருக்கு ஒன்று குறைய வேண்டும். ‘இன்னும் நாலு தடவை’ என்பவர்கள் அந்த நாலு தடவையை யாரிடமிருந்து பிடுங்குவது என்பதையும் சொல்ல வேண்டுமன்றோ? பெரும்பாலோர் சொல்வதில்லை.

இந்த வழக்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. அமெரிக்கர்கள் ஆடும் கால்பந்தில் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு எதிரிகளின் கூட்டத்துக்குள் ஓடுகிற ஆட்டக்காரர் ஒருவர் உண்டு. அவரை ‘ரன்னிங் பேக்’ என்பார்கள். நம் ஆட்டத்தில் பாடிச் செல்பவருக்கு அவர் ஒருவகையில் உறவு. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழக அணியில் பாரி சாண்டர்ஸ் என்ற இளைஞர் 1986, 1987 ஆகிய இரண்டு ஆண்டுகள் மாற்று ஆட்டக்காரராகவே இருந்தார். மூத்தவரான தர்மன் தாமஸ் படிப்பை முடித்துச் சென்ற பிறகு, 1988-இல் முதலிடம் சாண்டர்ஸுக்குக் கிடைத்தது. அந்த ஒரே பருவத்தில் பதினோர் ஆட்டங்களில் அவர் பந்துடன் ஓடி முன்னேறிய தூரம் 2,628 கெஜம். அதாவது ஏறத்தாழ 2,400 மீட்டர். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குச் செல்லும் சாலையில் ஏறக்குறையப் பாதித் தூரத்தை, ஒவ்வோர் அடிக்கும் ஒருவர் மேலே பாய்ந்து வீழ்த்த முயல, ஓடிக் கடந்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வாண்டின் ஹெய்ஸ்மன் பரிசும் அவருக்கே கிடைத்தது.

அப்படியானால் முந்தைய இரண்டு ஆண்டுகள் வீணடிக்கப்பட்டனவா? ஆம் என்று நாக்கு துடிக்கும். ஆனால் அவருக்கு முன்னால் நின்ற தாமஸும் சாமானியர் அல்லர். பிற்காலத்தில் தொழில்முறை ஆட்டத்திலும் பெரும்புகழ் பெற்று, சிறந்தோர் வரிசையில் 2007-இல் சேர்க்கப்பட்டவர் அவர். இரண்டு மாணிக்கங்களில் ஒன்றை மோதிரத்தில் பதித்தவனை, மற்றதைப் பெட்டியில் வைத்தான் என்று குறை கூறுவது நியாயமாகாது. ‘யாருக்குப் பதிலாக?’ என்பதே முதற்கேள்வி என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒப்பான கதை உண்டு. புரோ கபடி லீக் என்னும் தொழில்முறைப் போட்டியில், 2017-ஆம் ஆண்டு பவன் செராவத் என்ற வீரர் குஜராத் அணியில் இருந்தார். சில ஆட்டங்களில் மட்டுமே அவருக்கு இடம் கிடைத்தது. அவற்றிலும் பெயர் சொல்லும்படி எதுவும் அமையவில்லை. பாடிச் செல்லும் பொறுப்பில் சச்சின் என்ற இளைஞர் அங்கே சிறப்பாக ஆடிக்கொண்டிருந்தார். தடுப்பிலோ ஈரான் நாட்டு வீரர்கள் இருவர் கோட்டைச் சுவர் போல நின்றனர். அணி இறுதியாட்டம் வரை சென்றது. சென்னையில் நடந்த அந்த ஆட்டத்தில் பாட்னாவிடம் 55-க்கு 38 என்று தோற்றது. இத்தகைய அணியின் பயிற்சியாளரிடம் சென்று, ‘நீர் ஒருவரை வீணடிக்கிறீர்’ என்று யார் சொல்லியிருப்பார்கள்?

மறு ஆண்டு பவன் பெங்களூரு அணிக்குத் திரும்பினார். முதல் ஆட்டம் சென்னையிலேயே, நம் தமிழ் தலைவாஸ் அணிக்கு எதிராக அமைந்தது. அதில் 20 புள்ளிகள் எடுத்தார். அப்பருவம் முடிவதற்குள் பாடிச் சென்று அவர் சேர்த்தவை 271. இறுதியாட்டம் 2019 ஜனவரி 5-ஆம் நாள் மும்பையில் நடந்தது. எதிரே நின்றது எது என்று நினைக்கிறீர்கள்? அதே குஜராத் அணிதான்! பெங்களூரு 38, குஜராத் 33 என்று ஆட்டம் முடிந்தது. பெங்களூருவின் 38-இல் 22 பவன் ஒருவர் எடுத்தவை. ஓராண்டுக்கு முன் தங்கள் பலகையில் உட்கார்ந்திருந்தவர் கையாலேயே குஜராத்தார் கோப்பையை இழந்தனர்.

இக்கதையைக் கேட்டவுடன் குஜராத்தாரைப் பழிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். ஒருவரின் திறமை பலகையில் உட்கார்ந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. பத்து நிமிடம் கிடைக்கும் என்று தெரிந்து களமிறங்குகிறவர், முதல் தடவையிலேயே தம்மை மெய்ப்பிக்க முயன்று அகப்பட்டுக்கொள்வார். இன்றும் நாளையும் நமக்கே இடம் என்று அறிந்தவரோ எதிரணியின் மூலைக்காரர் எந்தக் காலை முன்வைக்கிறார் என்று இரண்டு முறை வெறுமனே பார்த்துவிட்டு மூன்றாம் முறை தொடுவார். குஜராத்தில் பவனுக்குக் கிட்டாததும் பெங்களூருவில் கிட்டியதும் இந்த அவகாசமே என்பது என் கருத்து. ஆகையால் குஜராத்தார் செய்தது மடமை அன்று. ஆனால் இழப்பு இழப்புத்தான். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கக்கூடும்.

இனி, பார்ப்பவர் கண்ணுக்குப் பெரும்பாலும் தப்பிவிடுகிற ஒரு காரணத்துக்கு வருகிறேன். பாடிச் சென்றவர் பிடிபட்டால் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். அவர் தாமாக உள்ளே வர முடியாது. அவர் அணியைச் சேர்ந்த ஒருவர் எதிரியைத் தொட்டோ பிடித்தோ வெளியேற்றினால்தான், வெளியே இருப்பவர்களில் ஒருவர் வரிசைப்படி உள்ளே வரலாம். போனஸ் கோட்டை மிதித்துப் பெறும் புள்ளிக்கு இந்த வரம் கிடையாது. எண்ணிக்கை ஏறும், ஆள் வரமாட்டார். ஆகவே மிகச் சிறந்த ஆட்டக்காரர் மிகக் குறைந்த முறையே பாடியிருக்கிறார் என்றால், பயிற்சியாளர் அனுப்பாததுதான் காரணம் என்று முடிவு கட்டக்கூடாது. அவர் வெளியே உட்கார்ந்திருந்திருக்கலாம். அவரை உள்ளே அழைத்துவர அவர் பக்கத்துத் தடுப்பாளர்களுக்கு வலிமை இல்லாதிருந்திருக்கலாம்.

முன்னே சொன்ன எங்கள் பகுதிக் கல்லூரி அணியின் ஆட்டத்துக்கு ஒரு நாள் குறிப்பேட்டுடன் சென்றேன். அந்த இளைஞர் எத்தனை முறை பாடினார் என்பதை மட்டும் குறிக்காமல், எவ்வளவு நேரம் வெளியே இருந்தார் என்பதையும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். இரண்டாம் பகுதியில் அவர் களத்தில் நின்ற நேரத்தைக் காட்டிலும் வெளியே இருந்த நேரமே அதிகம். உள்ளே இருந்தபோது அவரைத்தான் பயிற்சியாளர் திரும்பத் திரும்ப அனுப்பினார். அவர் அணியின் தடுப்பாளர்களோ ஒருவர் கணுக்காலைப் பற்றும்போது மற்றவர் வந்து சேராமல், தனித்தனியே பாய்ந்து கோட்டைவிட்டனர். ஊரார் குறை கூற வேண்டிய இடம் வேறு என்று அன்று எனக்குப் பட்டது. அடுத்த நாள் தேநீர்க் கடையில் இதை எடுத்துச் சொன்னேன், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை!

தஞ்சைப் பகுதி தந்த தர்மராஜ் சேரலாதன் இங்கே நினைவுக்கு வருகிறார். அவர் பாடிச் செல்பவர் அல்லர், தடுப்பாளர். 2016-இல் நடந்த நான்காம் பருவத்தில், நாற்பதை எட்டிய வயதில், பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். அவ்வணியில் பாடிச் சென்று பேரெடுத்தவர் பர்தீப் நர்வால் என்னும் இளைஞர். படங்களில் நர்வால் பாய்வதைக் காண்கிறோம். அவர் வெளியேறிய போதெல்லாம் பின்னால் நின்று ஒருவரைப் பிடித்து, அவரை மீண்டும் உள்ளே வரச் செய்தவர்களின் கைகளைக் காண்பதில்லை.

சரி, தடுப்பும் நன்றாக இருக்கிறது, மாற்றாளும் பெரியவர் அல்லர். அப்போதாவது சிறந்தவரையே எல்லா முறையும் அனுப்பலாமா? அதுவும் தகாது. பத்து முறை சென்று ஆறு முறை வென்றவர், இருபது முறை சென்றால் பன்னிரண்டு முறை வெல்வார் என்பது பள்ளிக்கூட விகிதக் கணக்கு. களத்தின் கணக்கு அதுவன்று. அடிக்கடி வருகிறவரின் காலடியை எதிரணி படித்துவிடும். மூச்சு குறையும், பாய்ச்சல் ஓரடி சுருங்கும். அந்த ஓரடியில்தான் கணுக்கால் அகப்படுகிறது.

நம் தமிழ் தலைவாஸ் அணியே இதற்குச் சான்று. 2017-இலும் 2018-இலும் அஜய் தாக்கூர் என்ற பெருவீரர் அணித்தலைவராக இருந்து, பருவத்துக்கு இருநூறு புள்ளிகளுக்கு மேல் பாடிச் சேர்த்தார். அவரைப் பயன்படுத்தவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும் இரண்டு பருவத்திலும் அணி தன் பிரிவில் கடைசி இடத்தில் நின்றது.

2022-இல் அதே அணி பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. அதுவரை அப்போட்டியில் யாருக்கும் அவ்வளவு விலை கொடுக்கப்பட்டதில்லை. அணி முழுவதும் அவரைச் சுற்றியே அமையும் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம். பருவம் முழுவதும் ஆட இயலாமற் போயிற்று. இனி இவ்வணி எழாது என்றே பலரும் கைகழுவினர். அப்போது நரேந்தர் என்ற புதுமுக இளைஞர் பாடும் பொறுப்பை ஏற்றார். அதுவே அவருக்கு முதற்பருவம். அது முடியும்போது அவர் எடுத்திருந்த புள்ளிகள் 243! முந்தைய நான்கு பருவங்களில் ஒருமுறைகூட அடுத்த சுற்றை எட்டாத தலைவாஸ், அரையிறுதி வரை சென்று, புணே அணியிடம் 37-க்கு 39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

பவனுக்குக் காயம் படாதிருந்தால் நரேந்தர் என்னவாகியிருப்பார்? அந்த நாற்பது காசுகளில் அவருக்கு எத்தனை விழுந்திருக்கும்? எனக்கு இக்கேள்வி பவனின் கதையைவிடப் பெரிதாகப் படுகிறது. அணியின் சிறந்த ஆட்டக்காரர் குறைவாகப் பயன்படுகிறார் என்று நாம் கூச்சலிடுகிறோம். கூச்சலிட ஆளில்லாத மூன்றாமவர் ஒருவர் பலகையின் ஓரத்தில் இருக்கிறார்.

குற்றாலத்துப் பேரருவியில் நீராடியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மேலிருந்து வரும் நீர் நேரே நம் தலையில் விழுவதில்லை. பாறையின் நடுவே பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் முதலில் விழுந்து, வேகம் தணிந்து, பரவி, பிறகே கீழே இறங்குகிறது. அப்பள்ளம் இல்லையேல் அருவியின் கீழே ஒருவரும் நின்று குளிக்க முடியாது. ஆட்டத்தில் அந்தப் பள்ளம் போன்றவர் இரண்டாம், மூன்றாம் பாடகர். அவர்கள் சென்று வரும் நேரத்தில்தான் முதல்வருக்கு மூச்சு திரும்புகிறது.

மூச்சைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்ட கணேசன், 1994-இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார்; அர்ஜுனா விருதும் பெற்றார். அதன் பிறகு நம் தென்பாண்டி நாட்டுக் கிராமங்களில் இவ்வாட்டம் வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. ரயில்வேயிலும் காவல்துறையிலும் விளையாட்டு வீரர்களுக்கு என ஒதுக்கும் வேலையை எண்ணியே பல பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து ஓடுகிறார்கள். தேர்வுக்கு வருகிறவர்கள் பார்ப்பது ஓரிரு ஆட்டங்களைத்தான். அன்று களத்தில் இடமில்லாதவருக்கு வேலையும் இல்லை. அன்றைக்கு முன்னரே முழங்கால் முறிந்தவருக்கும் இல்லை. பெண்கள் ஆட்டம் பதினைந்து நிமிடமாக இரு பகுதிதான். அவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு இன்னும் சுருக்கம்.

எங்கள் கல்லூரி இளைஞருக்கு இது கடைசி ஆண்டு. சென்ற வாரம் பயிற்சியைப் பார்க்கச் சென்றபோது, பயிற்சியாளர் அவரைப் பாட அனுப்பவே இல்லை. தடுப்பாளர் நால்வரையும் கைகோத்து நிற்க வைத்து, அவர்களுக்கு எதிரே முதலாண்டு மாணவர் ஒருவரை மறுபடி மறுபடி பாடி வரச் சொன்னார். நம் இளைஞர் கோட்டுக்கு வெளியே நின்று, அந்தப் பையன் எந்தக் காலை முதலில் எடுக்கிறான் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.