காரின் திருப்பச் சமநிலை

காரின் திருப்பச் சமநிலை என்பது, வளைவில் செல்லும்போது முன் டயர்களுக்கும் பின் டயர்களுக்கும் சாலையில் கிடைக்கும் பிடிப்புகளுக்கு இடையிலான ஒப்பீடு ஆகும். முன் டயர்கள் முதலில் பிடிப்பை இழந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே செல்ல முயலும். இது அண்டர்ஸ்டீர் (குறைதிருப்பம்) எனப்படும். பின் டயர்கள் முதலில் பிடிப்பை இழந்தால் காரின் பின்பகுதி வெளிப்புறமாக வீசும். இது ஓவர்ஸ்டீர் (மிகைதிருப்பம்) எனப்படும். பின்னதைச் சமாளிப்பது சாதாரண ஓட்டுநருக்குக் கடினம்.

சஸ்பென்ஷனின் பங்கு

வளைவில் காரின் சுமை உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஒரு டயரின் மீதுள்ள சுமை இருமடங்கானால் அதன் பிடிப்பு இருமடங்காவதில்லை. அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. எடுத்துக்காட்டாக, ஓர் அச்சின் இரு டயர்களும் தலா 300 கிலோ தாங்கும்போது கிடைக்கும் மொத்தப் பிடிப்பு, ஒன்று 100 கிலோவும் மற்றொன்று 500 கிலோவும் தாங்கும்போது கிடைப்பதைவிட அதிகம்.

எந்த அச்சின் சஸ்பென்ஷன் விறைப்பாக உள்ளதோ, அந்த அச்சில் இந்தச் சுமை மாற்றம் மிகுதியாக நிகழும். ஆகவே ஓர் அச்சை மட்டும் விறைப்பாக்கினால், வளைவில் அந்த அச்சின் பிடிப்பு குறையும். விறைப்பு கூடினால் பிடிப்பும் கூடும் என்ற பரவலான எண்ணம் இங்கே பொருந்தாது.

அம்பாசிடர்: ஓர் எடுத்துக்காட்டு

2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசிடர் காரில் முன்புறம் முறுக்குத் தண்டும் பின்புறம் பட்டைவில்லும் இருந்தன. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி, குன்றக்குடி கோயில்களுக்கோ, சாமான்களுடன் திருமண வீட்டுக்கோ குடும்பமே ஏறிச் செல்லும்போது இத்தகைய காரின் பின்பகுதி தாழும். அதைத் தவிர்க்கப் பின் வில்லில் கூடுதல் பட்டை சேர்ப்பதுண்டு. சுமையுடன் செல்லும்போது இது உதவும். ஆனால் ஆட்களை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது பின்பகுதி இலேசாகவும் விறைப்பாகவும் இருக்கும். மழையில் நனைந்த வளைவிலோ மேடுபள்ளமான சாலையிலோ பின் சக்கரங்கள் எளிதில் வழுக்கக்கூடும்.

காற்றழுத்தத்தின் பங்கு

காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் வளைவில் அதிகம் நெளியும். பின் டயர்களில் மட்டும் காற்று குறைந்தால் கார் மிகைதிருப்பத்தை நோக்கியும், முன் டயர்களில் குறைந்தால் குறைதிருப்பத்தை நோக்கியும் நகரும். அளவுக்கு மீறிக் காற்று அடைத்தாலும் டயர் சாலையைத் தொடும் பரப்பு சுருங்கி, பிடிப்பு குறையும். விறைப்பாக்கிய பின் சஸ்பென்ஷனும் காற்று குறைந்த பின் டயர்களும் ஒன்றுசேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும்.

வெப்பநிலை சுமார் 5 முதல் 6 பாகை செல்சியசு உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ உயரும். எனவே ஓடிச் சூடான டயரில் காற்றைக் குறைப்பது தவறு. டயர் குளிர்ந்தபின் அழுத்தம் தேவையைவிடக் குறைந்துவிடும். காலையில், வண்டியை எடுக்கும் முன் அளப்பதே சரியான முறை.

பந்தயக் கார்களில்

இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையம் ஆகிய இடங்களில் பந்தயத் தடங்கள் உள்ளன. பந்தயக் குழுவினர் இதே விதியை வேண்டுமென்றே பயன்படுத்துவர். முன்சக்கர இயக்கக் கார் போதிய அளவு திரும்பவில்லை என்றால், அதன் பின்பகுதியை விறைப்பாக்குவது வழக்கம். அங்கே பயிற்சி பெற்ற ஓட்டுநரும் தடையற்ற தடமும் உண்டு. பொதுச் சாலையில் இவை இல்லை. ஆகையால் தயாரிப்பாளர் முன், பின் டயர்களுக்குத் தனித்தனியே குறித்துள்ள அழுத்தத்தையும், முழுச் சுமைக்கான அளவையும் பின்பற்றுவதே பாதுகாப்பானது. இந்த அளவுகள் பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.