சைக்கிள் பிரேக் நெம்புகோலும் காலிப்பரும்: நிறுவனம் கடந்த பொருத்தப்பாடு குறித்த இயந்திரவியல் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நிறுவனத்தின் பிரேக் நெம்புகோலை மற்றொரு நிறுவனத்தின் காலிப்பரோடு இணைக்கலாமா என்னும் வினாவிற்குப் பெரும்பாலும் நிறுவனப் பெயரை வைத்தே விடை கூறப்படுகிறது. பொருத்தத்தை முடிவு செய்வது பெயரன்று. கேபிள் பிரேக்கில் இழுப்பு நீளமும், திரவ பிரேக்கில் பிஸ்டன் பரப்பும் திரவத்தின் வகையுமே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கைக்கு உறுதியாகத் தோன்றியும் வண்டியை நிறுத்தத் தவறும் இணைக்குத் தனிக் கவனம் தரப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பிரேக் நெம்புகோல், காலிப்பர், கேபிள் இழுப்பு, இயந்திர இலாபம், பாஸ்கல் விதி

முன்னுரை

தண்டுகளால் இயங்கும் பிரேக்கைக் கொண்ட பழைய இந்தியச் சைக்கிள்களில் இவ்வினா எழ இடமில்லை. கைப்பிடி முதல் ரிம்மைப் பற்றும் கட்டை வரை எல்லாம் ஒரே தொகுதியாக அமைந்திருந்தன. கேபிள் வந்தபின் இரு முனைகளும் தனித்தனிப் பொருள்களாயின. ஒரு முனை பழுதுபட்டால் கடையில் கிடைக்கும் வேறொன்றைப் பூட்டுதல் இயல்பாயிற்று. கேபிளின் குமிழ் நெம்புகோலில் அமர்ந்துவிடும். மறுமுனை காலிப்பரின் திருகில் இறுகிவிடும். பூட்ட முடிவதனாலேயே பொருந்துகிறது என்று கொள்வதுதான் பிழை. ‘கைப்பிடி’ என்னும் சொல் ஹேண்டில்பாரையும் குறிப்பதால், விரல்களால் இழுக்கும் உறுப்பை இனி ‘நெம்புகோல்’ என்றே வழங்குவோம். ஏனைய சொற்கள் பட்டறை வழக்கிலேயே ஆளப்படுகின்றன.

இழுப்பும் விசையும்

உராய்வை நீக்கிப் பார்த்தால், நெம்புகோல் விசையை எத்தனை மடங்கு பெருக்குகிறதோ அத்தனை மடங்கு நகர்வைக் குறைக்கிறது. விரல்கள் 60 மி.மீ. நகரும்போது ஒரு நெம்புகோல் கேபிளை 15 மி.மீ. இழுப்பதாகவும், மற்றொன்று 30 மி.மீ. இழுப்பதாகவும் கொள்வோம். முன்னதில் விரல் விசை நான்கு மடங்காகவும், பின்னதில் இரு மடங்காகவும் கேபிளைச் சேரும். முன்னதைக் குறு இழுப்பு எனவும் பின்னதை நெடு இழுப்பு எனவும் அழைக்கலாம். நெடு இழுப்பில் குறையும் விசையைக் காலிப்பர் தன் நீண்ட கைகளால் ஈடுசெய்ய வேண்டும். ஷிமானோ நிறுவனம் 1996இல் அறிமுகப்படுத்திய வி-பிரேக் இதற்குத் தக்க சான்று. பழைய கேன்டிலீவர் பிரேக்கைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு கேபிள் இழுப்பை அது வேண்டுகிறது.

பொருந்தா இணைகள்

குறு இழுப்பு நெம்புகோலை வி-பிரேக்கோடு பூட்டினால் பற்றும் விசை இரட்டிக்கும். கட்டையின் நகர்வோ பாதியாகும். கட்டைகளை ரிம்மிற்கு மிக நெருக்கமாக வைத்தாலன்றி நெம்புகோல் ஹேண்டில்பாரில் முட்டிவிடும். அவ்வாறு வைத்தால், சக்கரம் சற்றே கோணினும் கட்டை உரசும். இக்குறையை ஓட்டுபவர் உடனே உணர்வார்.

இதன் மறுதலையே அஞ்சத்தக்கது. நெடு இழுப்பு நெம்புகோலைக் கேன்டிலீவர் பிரேக்கோடு பூட்டினால், சிறிது இழுத்தவுடனேயே கட்டைகள் ரிம்மைத் தொடும். அதன்பின் கல்லை அமுக்கியதுபோன்ற விறைப்பு கைக்குத் தெரியும். நின்ற வண்டியில் சோதிப்பவர் ‘நல்ல பிரேக்’ என்றே தீர்ப்பளிப்பார். ஆயின் ரிம்மைச் சேரும் விசை, உரிய அளவில் ஏறத்தாழப் பாதிதான். இயந்திர இலாபம் மிகுந்த இணையில், கட்டையும் கேபிள் உறையும் அமுங்கும் சிற்றளவு விரலிடத்தில் பெருகித் தெரியும். அது குறைந்த இணையில் அவ்வமுக்கம் தெரிவதேயில்லை. எனவே விறைப்பு வலிமையின் அடையாளமன்று. பிழை வெளிப்படுவது இறக்கத்திலோ மழையிலோதான்.

வேறு வழியின்றிக் குறு இழுப்பு நெம்புகோலோடு வி-பிரேக்கை இணைக்க வேண்டுமாயின், இரு விட்டங்கள் கொண்ட சிறு கப்பியை இடையே பொருத்தி இழுப்பை இரட்டிக்கலாம். கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக்குகளுக்கும் இவ்விதி பொருந்தும். ஏவிட் நிறுவனத்தின் பிபி7 காலிப்பர், சாலை நெம்புகோலுக்கு ஒன்றும் மலைச் சைக்கிள் நெம்புகோலுக்கு ஒன்றுமாக இரு வடிவங்களில் வந்தது இக்காரணம் பற்றியே.

ஒரே பெயர் இருந்தும் பொருத்தம் தவறுவதுண்டு. 2008இல் வெளிவந்த ஷிமானோ டியூரா-ஏஸ் 7900 தொகுதியின் நெம்புகோல், முந்தைய தலைமுறையைவிட அதிகக் கேபிளை இழுக்கிறது. அதை அதே நிறுவனத்தின் பழைய காலிப்பரோடு இணைத்தால் பற்றும் விசை குறைகிறது.

திரவ பிரேக்குகள்

இங்குக் கேபிளின் இடத்தைப் பாஸ்கல் விதி பெறுகிறது. நெம்புகோலில் 10 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் 10 மி.மீ. நகர்ந்தால் ஏறத்தாழ 785 கன மி.மீ. திரவம் தள்ளப்படும். காலிப்பரில் 22 மி.மீ. விட்டமுள்ள இரு பிஸ்டன்கள் இருப்பின், அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 760 சதுர மி.மீ.; ஒவ்வொன்றும் 1.03 மி.மீ. நகரும். அவற்றிற்குப் பதிலாக 17 மி.மீ. பிஸ்டன்கள் நான்கு அமைந்தால் மொத்தப் பரப்பு 908 சதுர மி.மீ. ஆகும். நகர்வு 0.86 மி.மீ. ஆகக் குறைய, விசை ஐந்தில் ஒரு பங்களவு கூடும். இத்தகைய சிறு வேறுபாட்டை நெம்புகோல் தாங்கிக்கொள்ளும். ஷிமானோ நெம்புகோலையும் மகுரா காலிப்பரையும் சேர்த்து ஓட்டுவோர் அவ்விணையை ‘ஷிகுரா’ என்றே அழைக்கின்றனர். நிறுவனங்கள் தத்தம் எண்ணெயையே வலியுறுத்தினும், இரண்டும் கனிம எண்ணெயால் இயங்குபவை என்பதே அவ்விணையைக் கைகூடச் செய்கிறது.

திரவம் வேறுபட்டால் எக்கணக்கும் உதவாது. டாட் வகைத் திரவம் கிளைக்கால் ஈதர்களால் ஆனது; அதற்கேற்ற ரப்பர் வளையங்கள் கனிம எண்ணெயில் ஊதிப் பருக்கும். கனிம எண்ணெய்க்கென அமைந்த வளையங்களை டாட் திரவம் கெடுக்கும். இங்கும் நிறுவனப் பெயர் வழிகாட்டாது: டாட் திரவத்திற்குப் பெயர்பெற்ற ஸ்ராம், தன் டிபி8, மேவன் பிரேக்குகளில் கனிம எண்ணெயைக் கையாள்கிறது. ஆகவே பெயரை விடுத்து, நெம்புகோலின் திரவக் கலத்து மூடியிலோ கையேட்டிலோ உள்ள குறிப்பைப் படித்தல் வேண்டும். தவறான திரவம் ஒருமுறை உட்புகுந்துவிட்டால், அதனை வடித்துக் கழுவுவது மட்டும் போதாது. அதில் நனைந்த வளையங்களையும் மாற்றியாக வேண்டும்.